பணம் கொடுத்துத் திறக்கும் பரிசுப்பெட்டி சூதாட்டம் ஆகாதா?

#1 – அமராவதிக்கரை

அனைவருக்கும் வணக்கம். பத்தாம் வகுப்பு படிக்கும் என் மகன் கைப்பேசி விளையாட்டு ஒன்றில் மூன்று மாதங்களில் 23,400 ரூபாய் செலவழித்திருப்பது சென்ற வாரம்தான் எனக்குத் தெரியவந்தது. பணம் என் கணக்கிலிருந்து போகவில்லை. என் தாயாரின் ஓய்வூதியக் கணக்கிலிருந்து போயிருக்கிறது. அவருடைய கைப்பேசியில் யுபிஐ செயலியை ஏற்றிக்கொடுத்து, ரகசிய எண்ணை இடச் சொல்லிக்கொடுத்தவனே அவன்தான். கேட்டால், "பேரன் கேட்டான், கொடுத்தேன்" என்கிறார் அம்மா.

விளையாட்டு இலவசம். உள்ளே வைரக்கற்கள் என்றொரு நாணயம் இருக்கிறது. அதைத்தான் பணம் கொடுத்து வாங்க வேண்டும். அந்தக் கற்களைச் செலுத்தி ஒரு பெட்டியைத் திறந்தால் ஏதோ ஒன்று வரும். பெரும்பாலும் எதற்கும் உதவாத சட்டையோ, துப்பாக்கிக்குப் பூசும் வண்ணமோ வரும். அவன் ஆசைப்பட்ட உடை மட்டும் வராது. எங்கள் பள்ளிக்கூட வாசலில் இருந்த பெட்டிக்கடையில் ஓர் அட்டை தொங்கும். காசு கொடுத்து ஒரு சீட்டைக் கிழித்தால் உள்ளிருக்கும் எண்ணுக்கு ஒரு பலூனோ விசிலோ கிடைக்கும். அட்டையின் உச்சியில் கட்டியிருந்த கைக்கடிகாரம் யாருக்கும் விழுந்து நான் பார்த்ததில்லை. இதுவும் அதே அட்டைதான். ஒரு வேறுபாடு, அந்த அட்டையில் சீட்டு தீர்ந்துபோகும், இதில் தீராது.

தமிழ்நாட்டில் 2003ஆம் ஆண்டிலேயே லாட்டரிச் சீட்டை ஒழித்தார்கள். இணைய ரம்மிக்கும் சட்டம் வந்துவிட்டது. இதை மட்டும் ஏன் ஒருவரும் சூதாட்டம் என்று சொல்வதில்லை? சட்டம் அறிந்தவர்கள் விளக்க வேண்டும்.


#2 – வழக்குமன்றத்தாள்

சூதாட்டம் என்று பெரும்பாலான நாடுகளின் சட்டங்கள் அழைப்பதற்கு மூன்று கூறுகள் வேண்டும்: பந்தயமாக வைக்கும் பணம் அல்லது பொருள், தற்செயல், வென்றால் கிடைக்கும் மதிப்புள்ள பலன். உங்கள் மகன் திறந்த பெட்டியில் முதல் இரண்டும் ஐயமின்றி இருக்கின்றன. மூன்றாவதில்தான் உலகம் முழுவதும் வழக்குகள் இடறி விழுகின்றன. கைப்பேசிக்குள் மட்டும் இருக்கும் ஓர் உடை, விற்கவும் முடியாது, வீட்டுக்கு எடுத்துவரவும் முடியாது என்றால், அது "மதிப்புள்ள பலன்" ஆகுமா?

நம் நாட்டில் இந்தக் கேள்வி எழவே நெடுங்காலம் ஆயிற்று. ஏனென்றால் நம் நீதிமன்றங்கள் வேறொரு கேள்வியிலேயே நின்றிருந்தன. 1957ஆம் ஆண்டின் சமர்பாக்வாலா வழக்கு முதல், ரம்மியைத் திறன் விளையாட்டு என்ற 1968ஆம் ஆண்டுத் தீர்ப்பு, குதிரைப் பந்தயத்தை அவ்வாறே ஏற்ற 1996ஆம் ஆண்டின் லட்சுமணன் வழக்கு வரை எல்லாமே "திறமையா, அதிர்ஷ்டமா" என்ற ஒரே தராசில் நிறுக்கப்பட்டவை. இணையத்தில் பணம் வைத்து ஆடுவதைத் தடுக்கத் தமிழ்நாடு 2021இல் கொண்டுவந்த திருத்தச் சட்டத்தைச் சென்னை உயர் நீதிமன்றம் அதே ஆண்டு ஆகஸ்டில் அந்தத் தராசில் வைத்தே செல்லாது என்றது. பிறகு நீதிபதி சந்துரு குழுவின் அறிக்கையைத் தொடர்ந்து வந்து, ஆளுநர் ஒருமுறை திருப்பி அனுப்பி, பேரவை மீண்டும் நிறைவேற்றி, 2023 ஏப்ரலில் ஒப்புதல் பெற்ற சட்டத்தை, அதே நீதிமன்றம் 2023 நவம்பரில் பெரும்பாலும் ஏற்றுக்கொண்டது; ஆனால் ரம்மியையும் போக்கரையும் அதிர்ஷ்ட விளையாட்டுகள் என்று வகைப்படுத்திய அட்டவணையை மட்டும் நீக்கியது.

அந்தத் தராசையே தூக்கி எறிந்தது 2025 ஆகஸ்ட் 22 அன்று குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெற்ற நடுவண் சட்டம். திறமையோ, அதிர்ஷ்டமோ, இரண்டும் கலந்ததோ, பணம் வைத்துப் பணம் எதிர்பார்க்கும் இணைய விளையாட்டை நடத்துவதே குற்றம் என்கிறது அது. மூன்று ஆண்டுச் சிறை, ஒரு கோடி ரூபாய் அபராதம் வரை போகலாம். உங்களுக்கு உதவக்கூடியது, "பிற பந்தயப் பொருள்" என்பதற்கு அச்சட்டம் தரும் விளக்கம். பணம் கொடுத்து நேராகவோ சுற்றிவளைத்தோ வாங்கப்படும் நாணயங்கள், வில்லைகள், பொருள்கள், அவை மெய்யானவையோ மெய்நிகரோ, அனைத்தும் அதற்குள் வரும். உங்கள் மகனின் வைரக்கற்கள் இதில் அப்படியே பொருந்துகின்றன என்பது என் கருத்து.

ஆனால் வெற்றியைப் பற்றிய பகுதியில் "பணம் சார்ந்த மற்றும் பிற ஆதாயம்" என்றொரு தொடர் இருக்கிறது. அந்த "மற்றும்" இரண்டும் சேர்ந்தே இருக்க வேண்டும் என்கிறதா, இரண்டில் ஒன்று போதும் என்கிறதா? முதலாவது என்றால் உங்கள் மகனின் பெட்டி தப்பிவிடும். இரண்டாவது என்றால் மாட்டிக்கொள்ளும். ஒரு சொல்லின் மேல் ஒரு தொழிலே நிற்பதை நான் இதற்கு முன் வரிச் சட்டங்களில்தான் பார்த்திருக்கிறேன்.


#3 – நள்ளிரவு நிரலன்

அமராவதிக்கரை அண்ணா, உங்கள் வருத்தம் புரிகிறது. நான் விளையாட்டு உருவாக்கும் துறையில் ஒன்பது ஆண்டுகளாக இருப்பவன் என்பதால், எதிர்ப்பக்கத்தையும் ஒருவர் சொல்ல வேண்டும் என்று எழுதுகிறேன்.

சூதாடுபவர் வெறுங்கையுடன் திரும்பக்கூடும். பெட்டியைத் திறப்பவர் ஒருபோதும் வெறுங்கையுடன் திரும்புவதில்லை. ஏதோ ஒன்று கிடைக்கிறது. சிறுவயதில் கிரிக்கெட் வீரர் படத்துக்காகவே பபுள்கம் வாங்கினோம். உறைக்குள் யார் இருப்பார் என்று அறியாமல்தான் வாங்கினோம். அதை யாரும் சூதாட்டம் என்று சொல்லவில்லை. 2019ஆம் ஆண்டு பிரிட்டன் நாடாளுமன்றக் குழுவின் முன் ஈஏ என்ற பெரிய விளையாட்டு நிறுவனத்தின் சார்பில் பேசியவர் இதே வாதத்தைத்தான் வைத்தார். உள்ளே பொம்மை ஒளித்துவைத்த சாக்லேட்டான கிண்டர் முட்டையை எடுத்துக்காட்டி, இவை "வியப்பூட்டும் பொறிமுறைகள்" என்றார். உலகமே சிரித்தது, அந்தச் சொல்லாட்சியை நானும் ஏற்கவில்லை. ஆயினும் வாதம் முழுவதும் பொய்யன்று. பிரிட்டன் அரசே 2022 ஜூலையில், இதற்காகச் சூதாட்டச் சட்டத்தைத் திருத்தப்போவதில்லை என்று முடிவெடுத்தது.

இன்னொன்று: காசு கொடுக்காமல் விளையாடும் பெருங்கூட்டத்துக்கான செலவைத் தாங்குவது காசு கொடுக்கும் சிறு கூட்டம். பெட்டியைத் தடைசெய்தால் விளையாட்டு இலவசமாக இருக்காது.


#4 – அன்ட்வெர்ப்பில் ஒரு யாழ்ப்பாணத்தான்

நான் வசிக்கும் பெல்ஜியத்தில் நடந்ததைச் சொல்கிறேன். அண்ணையின் கேள்விக்கு அதில் பாதி விடை இருக்கிறது.

2017 நவம்பரில் ஸ்டார் வார்ஸ் பேட்டில்ஃபிரன்ட் 2 என்ற விளையாட்டு வெளிவந்தபோது அதிலிருந்த பெட்டிகளைக் குறித்து எழுந்த கூச்சலுக்குப் பிறகு, இங்குள்ள சூதாட்ட ஆணையம் சில விளையாட்டுகளை ஆராய்ந்தது. 2018 ஏப்ரலில் ஃபிஃபா 18, ஓவர்வாட்ச், கவுன்டர் ஸ்ட்ரைக் ஆகியவற்றில் காசு கொடுத்துத் திறக்கும் பெட்டிகள் 1999ஆம் ஆண்டின் சூதாட்டச் சட்டத்துக்கு முரணானவை என்று நீதி அமைச்சரே அறிவித்தார். எட்டு லட்சம் யூரோ வரை அபராதமும் ஐந்து ஆண்டு வரை சிறையும் கிடைக்கலாம்; சிறுவர்கள் தொடர்பு இருந்தால் இரட்டிப்பு. வழக்குமன்றத்து அம்மையார் சொன்ன மூன்றாவது கூறு இங்கே தடையாகவில்லை, ஏனென்றால் பெல்ஜியச் சட்டத்தில் வெற்றியோ தோல்வியோ எந்த வகையில் இருந்தாலும் போதும். கிடைத்த பொருளைச் சந்தையில் விற்க முடிய வேண்டும் என்ற நிபந்தனை இல்லை.

ஓவர்வாட்ச் சில மாதங்களில் பணிந்தது. ஈஏ நிறுவனம் முரண்டு பிடித்து, கடைசியில் 2019 ஜனவரியில்தான் ஃபிஃபாவில் பெட்டி வாங்க உதவும் புள்ளிகளை இங்கே விற்பதை நிறுத்தியது. நின்டென்டோ தன் இரண்டு கைப்பேசி விளையாட்டுகளை அதே ஆண்டு பெல்ஜியத்திலிருந்து எடுத்துக்கொண்டது. 2022இல் டயாப்லோ இம்மார்ட்டல் இங்கும் நெதர்லாந்திலும் வெளியாகவே இல்லை.

இதைக் கேட்டு மகிழ்ந்துவிட வேண்டாம், அண்ணை. அதே 2022இல் லியோன் சியாவோ என்ற ஆய்வாளர், பெல்ஜியத்தில் அதிக வருமானம் ஈட்டும் 100 ஐபோன் விளையாட்டுகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தார். 82 விளையாட்டுகளில் பெட்டி அப்படியே இருந்தது. பெரிய பெயர்கள் வெளியேறிவிட்டன, பெயர் தெரியாதவை உள்ளே இருக்கின்றன. என் பிள்ளைகள் விளையாடுவது இரண்டாம் வகையைத்தான்.


#5 – அமராவதிக்கரை

தடைசெய்த நாட்டிலும் 82 என்றால், தடை எதற்கு? அண்டை நாடான நெதர்லாந்தில் அபராதமே விதித்ததாகச் செய்தித்தாளில் படித்த நினைவு. அங்கே என்ன ஆயிற்று?


#6 – வழக்குமன்றத்தாள்

விதித்தார்கள்; நிற்கவில்லை. அந்த வழக்கைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நாளை இங்கே ஒரு வழக்கு வந்தால் இரு தரப்பும் முதலில் கையில் எடுப்பது அதுவாகத்தான் இருக்கும்.

நெதர்லாந்தின் சூதாட்ட ஆணையம் 2018இல் பத்து விளையாட்டுகளை ஆராய்ந்து, நான்கில் மட்டும் சட்டமீறல் என்றது. பெல்ஜியத்திலிருந்து அது வேறுபட்ட இடம் இதுதான்: கிடைக்கும் பொருளைப் பிறருக்கு மாற்றிக்கொடுக்க முடிந்தால்தான் அதற்குச் சந்தை மதிப்பு உண்டு, மதிப்பு இருந்தால்தான் அது பரிசு. ஃபிஃபாவில் கிடைக்கும் ஆட்டக்காரர் அட்டைகளை வாங்கவும் விற்கவும் வழி இருந்ததால், ஈஏ நிறுவனத்துக்கும் அதன் சுவிஸ் கிளைக்கும் தலா 50 லட்சம் யூரோ என்ற கணக்கில் ஒரு கோடி யூரோ வரை அபராதம். 2020 அக்டோபரில் தி ஹேக் மாவட்ட நீதிமன்றம் அதை உறுதிசெய்தது.

2022 மார்ச் 9 அன்று உயர்நிலை நிர்வாக நீதி அமைப்பான அரசவை அதை ரத்துசெய்தது. ஆச்சரியம் என்னவென்றால், அட்டைக்கு மதிப்பு உண்டா இல்லையா என்ற கேள்வியில் அது தீர்ப்பை நிறுத்தவில்லை. பெட்டியைத் திறப்பது தனியானதோர் ஆட்டமே அன்று, அது கால்பந்து விளையாட்டின் ஒரு பகுதி, அந்த விளையாட்டு திறமையைச் சார்ந்தது, ஆகவே முழுமையும் அதிர்ஷ்ட விளையாட்டு ஆகாது என்றது. அதாவது, பெரிய திறன் விளையாட்டு ஒன்றுக்குள் சிறியதொரு குலுக்கலை வைத்துவிட்டால் குலுக்கல் மறைந்துவிடுகிறது. மரியாதையுடன் சொல்கிறேன், இந்தத் தர்க்கம் எனக்கு உடன்பாடானதன்று. திருவிழாவில் கபடிப் போட்டி நடக்கிறது என்பதற்காக அதே பந்தலின் மூலையில் உருட்டும் பகடை விளையாட்டாகிவிடாது. ஆனால் நம் நாட்டின் பழைய தராசுக்கு மிகவும் இசைவான தர்க்கம் இது என்பதையும் மறைக்கக் கூடாது.


#7 – கணக்கு வாத்தியார்

சட்டத்தை விட்டுக் கொஞ்சம் எண்களைப் பார்ப்போம். திரையில் "1 சதவீதம்" என்று எழுதியிருந்தால், நூறு முறை திறந்தால் ஒன்று நிச்சயம் வரும் என்றே மாணவர்கள் நினைக்கிறார்கள். ஆசிரியர்களிலும் சிலர் அப்படி நினைப்பதை என் ஓய்வறையில் கேட்டிருக்கிறேன். நூறு முறை திறந்தவர்களில் நூற்றுக்கு 37 பேருக்கு அது கிடைத்திருக்காது. இருநூறு முறை திறந்தவர்களில் 13 பேருக்கும், முந்நூறு முறை திறந்தவர்களில் 5 பேருக்கும் கிடைத்திருக்காது. ஒவ்வொரு பெட்டியும் முந்தைய பெட்டியை மறந்துவிட்டுத்தான் திறக்கிறது.

இதைச் சரிக்கட்ட "இரக்க எண்ணிக்கை" என்றொரு ஏற்பாட்டைச் சில விளையாட்டுகள் வைத்திருக்கின்றன. ஜென்ஷின் இம்பாக்டில் உயர்ந்த பாத்திரம் வர அடிப்படை வாய்ப்பு 0.6 சதவீதம், தொண்ணூறாவது முறையில் உறுதியாக ஒன்று வரும். ஆனால் அது விளம்பரத்தில் காட்டிய பாத்திரமாக இருக்க ஏறத்தாழப் பாதி வாய்ப்பே உண்டு என்பதால், வேண்டியதைப் பெற 180 முறை வரை போக நேரலாம். ஒரு முறைக்கு 160 கற்கள். அந்தக் கற்களை வாங்க வேறொரு நாணயம். அந்த நாணயத்தை வாங்கத்தான் பணம். 180ஐ ரூபாயாக மாற்றிக் காட்டும்படி என் பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்களிடம் கேட்டேன். விளையாடும் மாணவர்களாலேயே உடனே சொல்ல முடியவில்லை.

ஒரு கேள்வி நிரலன் தம்பிக்கு. திரையில் எழுதியிருக்கும் சதவீதம்தான் உள்ளே ஓடுகிறது என்பதற்கு எனக்கு யார் சாட்சி?


#8 – நள்ளிரவு நிரலன்

ஐயா, சாட்சி யாரும் இல்லை. அந்த எண் நிறுவனத்தின் சர்வரில் இருக்கிறது; ஒருவர் மாற்றினால் வெளியில் இருப்பவருக்குத் தெரியாது.

இதற்கு நீங்களே எடுத்துக்காட்டைத் தேடிப் போக வேண்டாம், நானே தருகிறேன். தென்கொரியாவின் நெக்ஸான் நிறுவனம் மேப்பிள்ஸ்டோரி விளையாட்டில் 2010இல் "கியூப்" என்ற பொருளை விற்கத் தொடங்கியது. ஆயுதத்தின் பண்புகளைக் குலுக்கிப்போட்டு மாற்றும் பொருள் அது. ஆட்டக்காரர்கள் அதிகம் விரும்பிய சில பண்புகளின் வாய்ப்பை நிறுவனம் சொல்லாமல் குறைத்தது. 2011 ஆகஸ்ட் முதல், மிகவும் விரும்பப்பட்ட சில சேர்க்கைகளின் வாய்ப்பைச் சுழியமாகவே ஆக்கிவிட்டது. வராத ஒன்றுக்காக மக்கள் ஆண்டுக்கணக்கில் குலுக்கிக்கொண்டிருந்தார்கள். 2024 ஜனவரியில் அந்நாட்டின் நியாய வணிக ஆணையம் 1,160 கோடி வொன்னுக்கும் மேல் அபராதம் விதித்தது. அதே ஆண்டு மார்ச் 22 முதல் வாய்ப்பு விகிதத்தை வெளியிடுவது அங்கே சட்டக் கட்டாயம்.

நான் மூன்றாம் பதிவில் எழுதியதில் பபுள்கம் வாதத்தைத் திரும்பப் பெறுகிறேன். கடைக்காரர் என்னைப் பார்த்து, என் பையில் எவ்வளவு இருக்கிறது என்று கணித்து, உறைக்குள் இருந்த படத்தை மாற்றவில்லை. எங்கள் துறையில் அதைச் செய்ய முடியும். செய்கிறார்கள் என்று நான் சொல்லவில்லை; முடியும் என்று சொல்கிறேன். தடை வேண்டாம் என்பதில் மட்டும் இன்னும் நிற்கிறேன்.


#9 – வழக்குமன்றத்தாள்

நிரலன் தம்பி அறியாமலே என் அடுத்த பதிவைப் பாதி எழுதிவிட்டார். கொரியாவில் அந்த அபராதம் எந்தச் சட்டத்தின் கீழ் வந்தது? சூதாட்டச் சட்டம் அன்று. மின்வணிகத்தில் நுகர்வோரைக் காக்கும் சட்டம். ஜப்பானும் அப்படியே செய்தது. தனித்தனிக் குலுக்கலில் கிடைக்கும் அட்டைகள் முழுத் தொகுப்பாகச் சேர்ந்தால் மட்டும் பெரிய பரிசு என்ற "கொம்பு காச்சா" முறையை, 2012இல் நுகர்வோர் விவகார முகமை முறையற்ற பரிசுகளைத் தடுக்கும் பழைய சட்டமொன்றைக் கொண்டே நிறுத்தியது. அமெரிக்காவில் ஜென்ஷின் இம்பாக்ட் நிறுவனத்தின்மீது 2025 ஜனவரியில் நடவடிக்கை எடுத்ததும் வணிக ஆணையம்தான்: இரண்டு கோடி டாலர், 16 வயதுக்கு உட்பட்டோருக்குப் பெற்றோர் இசைவின்றி விற்கத் தடை, நாணயத்துக்குள் நாணயம் என்று மறைக்காமல் நேராகப் பணத்தாலும் வாங்க வழி.

சூதாட்டச் சட்டத்தின் வாசலில் நின்றால் "பரிசுக்கு மதிப்பு உண்டா" என்ற கேள்வியிலேயே பத்தாண்டு போய்விடும். நுகர்வோர் சட்டத்தின் வாசலில் கேட்கப்படுவது, விற்றவர் உண்மையைச் சொன்னாரா என்பது மட்டுமே. அந்த உடையை விற்க முடியாது என்பது நிறுவனத்துக்கு முதல் வாசலில் கேடயம். இரண்டாவது வாசலில் அதற்கு ஒரு பயனும் இல்லை.

நம்மிடம் 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. அதன் கீழ் 2023 நவம்பர் 30 அன்று வந்த வழிகாட்டு நெறிகள், இணையத்தில் வாங்குவோரை ஏய்க்கும் வடிவமைப்புகள் 13ஐப் பட்டியலிடுகின்றன. "இன்னும் சில நிமிடங்களே" என்று பொய்யாக அவசரப்படுத்துவது அவற்றுள் முதலாவது. மேலும், 18 வயது நிரம்பாதவர் செய்யும் ஒப்பந்தம் தொடக்கம் முதலே செல்லாது என்பது 1903ஆம் ஆண்டில், அன்று நமக்கு இறுதி மேல்முறையீட்டு மன்றமாக லண்டனில் இருந்த பிரிவி கவுன்சில், மொகோரி பீபி வழக்கில் சொன்னது முதல் நிலைத்த சட்டம். இங்கே ஒரு சிக்கல்: கணக்கு உங்கள் தாயாருடையது, ரகசிய எண்ணை இட்டவர் அவர் என்றால், வாங்கியவர் பெரியவர்தான் என்று நிறுவனம் சொல்லும். விளையாட்டுக் கணக்கில் பிறந்த ஆண்டு என்னவென்று பதிந்திருக்கிறது என்று முதலில் பாருங்கள்.

1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதியுங்கள். அதற்கு முன் ஒவ்வொரு கட்டணத்தையும் நாள், நேரம், தொகை, கிடைத்த பொருள் என்று அட்டவணையாக எழுதுங்கள். மகனை உட்காரவைத்து எழுதுங்கள், அவனுக்குத்தான் நினைவிருக்கும்.


#10 – அன்ட்வெர்ப்பில் ஒரு யாழ்ப்பாணத்தான்

ஒரு சிறு குறிப்பு மட்டும். புகார் கொடுக்கும் வரை பிள்ளையின் கைத்தொலைபேசியிலிருந்து விளையாட்டை நீக்க வேண்டாம். கணக்குப் போனால் சான்றும் போய்விடும்.


#11 – அமராவதிக்கரை

பத்து நாள் கழித்து எழுதுகிறேன். புகார் பதிந்தாயிற்று, எண்ணும் வந்துவிட்டது. விளையாட்டுக் கணக்கில் அவனுடைய உண்மையான பிறந்த ஆண்டே இருக்கிறது. பொய் சொல்லத் தெரியாதவன் என்று இதற்காகவா மகிழ்வது என்று தெரியவில்லை.

அட்டவணையை இரண்டு மாலைகள் சேர்ந்து எழுதினோம். முதல் மாலை அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை. இரண்டாம் மாலை அவனே கூட்டிக் கழித்துச் சொல்லத் தொடங்கினான். ஒரு பெட்டி 60 ரூபாய்க்கு வருகிறது. ஆக 390 பெட்டிகள், எல்லாம் அந்த ஒரே உடையைக் காட்டிய பெட்டி. திரையில் அதற்கு 1 சதவீதம் என்றே போட்டிருக்கிறது. இரக்க எண்ணிக்கை எதுவும் இல்லை. உடை வரவில்லை. வாத்தியார் ஐயா, இது சாத்தியமா?


#12 – கணக்கு வாத்தியார்

சாத்தியம். 1 சதவீதம் என்பது உண்மையானால், 390 முறையும் தவறுவது ஏறத்தாழ ஐம்பது பேரில் ஒருவருக்கு நேரும். அத்தனை பேர் விளையாடும் ஒன்றில் அந்த ஒருவர் உங்கள் வீட்டில் இருப்பது வியப்பன்று. ஆகவே ஏமாற்றினார்கள் என்று எழுதாதீர்கள். ஆனால் சர்வரில் அந்த மூன்று மாதமும் இருந்த எண் என்ன என்று கேட்பதற்கு ஐம்பதில் ஒன்று போதுமான காரணம்.


#13 – வழக்குமன்றத்தாள்

புகாரின் கோரிக்கைப் பகுதியில் வாத்தியார் ஐயா சொன்ன அந்தக் கடைசி வரியை அப்படியே சேர்த்துவிடுங்கள். பணத்தைத் திருப்பிக் கேட்பதற்கு முன்னால் அது வரட்டும்.